சிவப்புப் பூச்சு

"இந்த சீசன்ல நாலு மரதன் ஓடப்போறன் எண்டு மட்டும் வாய் திறந்திடாதை" என்று எச்சரித்தபடி, ஓடியோடிக் கறுத்துப்போன மிதுலாவின் கால் நகங்களில் அம்மா சிவப்புப் பூச்சை அப்பினாள்.

பெண் பார்க்க வெள்ளவத்தை வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையின் தாய், தேநீரை வாங்கும்போதே மிதுலாவின் பாதங்களைக் கவனித்துவிட்டாள்.

"பூச்சுக்கு அடியில நகம் கறுத்திருக்கே, பிள்ளை?"

அம்மா முந்திக்கொண்டாள். "கதவில அடிபட்டது."

"ரெண்டு காலுமோ?"

மிதுலா நிமிர்ந்தாள்.

"மரதன் ஓடுறனான், அன்ரி. புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்குக் காசு சேர்க்கிறம். ஓடுறது எனக்குச் சந்தோசமும்தான். இந்த சீசன்ல நாலு இருக்கு. ஒண்டையும் விடமாட்டன்."

அம்மா கண்களை மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் தாய் சேலையைச் சற்று ஒதுக்கித் தன் பாதத்தை நீட்டினாள். இரண்டு விரல்களில் நகமே இல்லை.

"ஓடுற சப்பாத்தை ஒரு சைஸ் பெரிசா வாங்கு, பிள்ளை. நாலுக்கும் நானும் பேர் பதிஞ்சிட்டன்."