தண்டனைக்கு முப்பது வார்த்தை

"மிஸ், பின்கட்டுல யாரோ ஜாவா பேசுறாங்க."

விடுதியில் படிக்கிற விந்தா ஓடி வந்து கோள் சொன்னாள். அதையும் இங்கிலீஷில்தான் சொன்னாள். இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், பாரே ஊரில், இங்கிலீஷ் பழக்குகிற அந்தப் பெண்கள் விடுதிக்குள் காலடி வைத்துவிட்டால் எல்லாம் இங்கிலீஷ்தான். உப்பு கேட்பது, சண்டை போடுவது, குளியலறைக் கதவைத் தட்டி அவசரம் என்று கெஞ்சுவது வரைக்கும்.

"யாரது?" என்று குரல் கொடுத்தாள் ரெத்னோ. விடுதியைக் கட்டி மேய்க்கிறவள் அவள்தான். பாடம் சொல்லித் தருகிறவளும் அவளே.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அடுக்களையிலிருந்து சுதினா வந்து நின்றாள்.

"நான்தான் மிஸ்."

"மறுபடியும் நீங்களா அக்கா?"

"பழக்க தோஷம் மிஸ். வாய் நிக்க மாட்டேங்குது."

விந்தா களுக்கென்று சிரித்தாள். ரெத்னோ முறைத்ததும் உள்ளே ஓடிவிட்டாள்.

ரெத்னோ நோட்டைத் திறந்தாள். ஜாவா மொழியில் பேசி மாட்டிக்கொண்டால் மறுநாள் விடிந்ததும் முற்றத்தில் எல்லார் முன்னாலும் நின்று முப்பது புது வார்த்தை ஒப்பிக்க வேண்டும். பத்து தடவை மாட்டினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். சுதினாவின் பெயர் நோட்டில் ஏற்கெனவே ஒன்பது தடவை இருந்தது.

"இது பத்தாவது. என்ன அர்த்தம்னு தெரியுமில்ல?"

"தெரியும் மிஸ்."

"சான்றிதழ் கிடைக்காது. அது இல்லாட்டி ஏஜென்ட் உங்களை சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்கு அனுப்ப மாட்டான். ரெண்டு ஆட்டை வித்துட்டு வந்தேன்னு சொன்னீங்களே."

சுதினா தலையைக் குனிந்துகொண்டாள்.

ரெத்னோவுக்குக் கோபத்தை விட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, மதியூன் கடைத்தெருவில் பெச்செல் என்கிற, வேர்க்கடலைச் சட்னி ஊற்றிய கீரைப் பதார்த்தம் விற்றுக்கொண்டிருந்தவள். வயது நாற்பத்தொன்று. இங்கே அடுக்களையில் வாழையிலைக் கிழிசலில் வார்த்தைகளை எழுதி அம்மியோரம் வைத்துக்கொண்டு, வேர்க்கடலைச் சட்னி அரைக்கிற அரைப்பிலேயே மனப்பாடம் செய்துவிடுவாள். காலையில் முற்றத்தில் நின்றால் முப்பதும் ஒரு பிசிறு இல்லாமல் வந்து விழும். கல்லூரிப் பெண்கள் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து நிற்பார்கள்.

இவ்வளவு அடங்குகிற மண்டைக்கு, சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் வாயை அடக்கத் தெரியவில்லையா?

"எனக்கு மட்டும் மனசு இருக்காதாக்கா? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றபடி ரெத்னோ பேனாவைத் திறந்தாள்.

அப்போது பின்கட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. சுத்தமான ஜாவா.

"சாப்பிட்டியா கண்ணு? பாட்டி ஊட்டினாங்களா?"

ரெத்னோ நிமிர்ந்தாள். சுதினா இங்கேதான் நிற்கிறாள்.

சுதினா அவசர அவசரமாக இருமினாள். அது போதாதென்று, "ஐயோ என் இடுப்பு, ஐயோ என் முதுகு" என்று ஜாவா மொழியில் உரக்கப் புலம்பத் தொடங்கினாள். "பாருங்க மிஸ், நான்தான் பேசுறேன். எழுதிக்குங்க."

ரெத்னோ அவளைத் தாண்டிப் போய் அடுக்களைக் கதவோரமாக எட்டிப் பார்த்தாள்.

கிணற்றடியில் தர்மினி குந்தியிருந்தாள். வந்து பத்து நாள் ஆன புதுப் பெண். கைப்பேசித் திரையில் ஒரு குழந்தை முகம். குழந்தை ஏதோ மழலையாகக் கேட்க, அவள் திரையிலேயே நெற்றியை முட்டிக் கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

ரெத்னோ சத்தமில்லாமல் திரும்பி வந்தாள்.

"ஒன்பது தடவையும் அவதானா?"

சுதினா மெல்லத் தலையாட்டினாள்.

"நீங்க பழியை ஏத்துக்கிறது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது மிஸ். பின்கட்டுக்கு மட்டும் சட்டம் கிடையாதுன்னு நான்தான் பொய் சொல்லி வச்சிருக்கேன்." சுதினாவின் குரல் தணிந்தது. "அடுத்த மாசம் அவளும் சிங்கப்பூர் கிளம்பினா ரெண்டு வருஷத்துக்கு வர முடியாது. பிள்ளைக்கு இப்பதான் ரெண்டு வயசு. அதுக்கு என்ன இங்கிலீஷ் தெரியும், பாவம்?"

"உங்க பொழப்பே போயிருக்குமேக்கா."

"பயமாத்தான் இருந்துது. ஆனா அவ பேரு நோட்டுல ஏறிட்டா நாளையிலேருந்து பேச மாட்டா மிஸ். பிள்ளை அம்மா குரலை மறந்துடும். எனக்கு அப்படிப் போன் பண்ண யாரும் இல்ல. முப்பது வார்த்தைதானே, படிச்சுட்டுப் போறேன்."

ஒன்பது நாள். இருநூற்று எழுபது வார்த்தை. ரெத்னோ மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். இந்த விடுதியில் இத்தனை வருஷமாகத் தான்தான் பாடம் நடத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி அடுக்களை வாசலுக்குப் போனாள். நாலு வருஷமாக அந்த விடுதியில் யாரும் அவள் வாயிலிருந்து கேட்டிராத ஜாவா மொழியில், "தர்மினி, நல்லாப் பேசு. பின்கட்டுக்குத்தான் சட்டம் கிடையாதே. பிள்ளை தூங்கினப்புறம் வந்தா போதும்" என்றாள்.

சுதினா பதறிவிட்டாள். "மிஸ், நீங்க ஜாவா பேசிட்டீங்க."

"ஆமாக்கா. இன்னிக்கு ஜாவா பேசினது நான்தான்." ரெத்னோ நோட்டையும் பேனாவையும் அவளிடம் நீட்டினாள். "என் பேரை எழுதுங்க. எழுதிட்டு இப்படி உக்காருங்க. காலையில ஒப்பிக்கணும், முப்பது வார்த்தையை எப்படி மனசுல ஏத்துறதுன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."