புது இன்ஜினும் எட்டுக் கைகளும்

பழைய ஸ்டேஷன் வேகனுக்குப் புதுக் காரின் இன்ஜினைப் பொருத்தி, பச்சை பெயின்ட் அடித்து, சனிக்கிழமை இரவே வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான் தேவசகாயம். காலையில் சர்ச்சுக்குப் போக அவன் சாவியை எடுத்ததுமே, மனைவி எமிலி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போனாள். இரண்டு மகள்களும் அவளுக்கு இருபுறமும் நின்று பின்கதவில் கை வைத்தார்கள். பல் தேய்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு யாசின் பாயும் அவசரமாக வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடிவந்து சேர்ந்துகொண்டார். இத்தனை வருடமும் அந்த வண்டி அப்படித்தான் கிளம்பியது. தேவசகாயம் சாவியைத் திருப்பினான். சத்தமே இல்லாமல் வண்டி நழுவிப் போயிற்று. நான்கு பேரும் காற்றில் நீட்டிய கைகளோடு நின்றார்கள். தெருமுனை வரை போனவன் கண்ணாடியில் அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு, ரிவர்ஸிலேயே ஓட்டி வந்து நிறுத்தினான்.

“ஏறுங்க. இனிமே தள்ளவே வேண்டாம்.”

எமிலி ஏறவில்லை. “ஆஃப் பண்ணுங்க. ஒரு தள்ளு தள்ளிட்டு ஏறிக்கிறோம்.”

அவன் சிரித்துக்கொண்டே இன்ஜினை அணைத்து நியூட்ரலில் போட்டான். யாசின் பாய் கைலியை மடித்துக் கட்டி, வழக்கம்போல “பிஸ்மில்லா” என்றார். வண்டி நகர்ந்தது.