பால் கவர் மடி

தவசியின் பசு செத்த அன்று மாட்டு டாக்டர் வயிற்றை அறுத்ததும் குப்பையாகக் கொட்டியது. கேரி பேக்குகள், பால் கவர்கள், கிழிந்த திரைச்சீலை, ரவிக்கை வெட்டிய துண்டுகள். "அடப்பாவிகளா" என்றார் தவசி. துண்டுகளைப் பார்த்ததும் தெருமுனையில் ரவிக்கை தைக்கும் சம்பூரணத்துக்கு அவை தன் கடைத் துணி என்று தெரிந்துபோனது. பழைய சோற்றையும் வெட்டுத் துணியையும் ஒரே பையில் முடிந்து வீசுகிறவள் அவள்தான். அத்தனையையும் அண்டாவில் அள்ளிக்கொண்டுபோய் அலசிக் காயப்போட்டாள். அதன்பிறகு அவள் கடை திறக்கவே இல்லை.

ஒருநாள் காலையில், பசுவை வழக்கமாகக் கட்டும் வேப்பமரத்தடியில் அது நின்றது. மூங்கில்மேல் துணி சுற்றி, முறுக்கி, தைத்த உடம்பு. அதே உயரம், ஒருபக்கம் வளைந்த அதே கொம்பு. எதிர்வீட்டுப் பூரணி கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எங்க வீட்டுத் திரைச்சீலை" என்றாள். "இம்புட்டுமா அது வயித்துல இருந்துச்சு?"

"இன்னும் மிச்சம் கிடக்குக்கா" என்றாள் சம்பூரணம்.

மடி மட்டும் பால் கவர்களால் ஆனது. வெயில் பட்டு நிறைந்த மடிபோல் மின்னியது. தாயில்லாத கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்து அதை முட்டியது. மறுபடியும் முட்டியது. கன்று முட்டினால்தான் பால் இறங்கும். தவசி பழக்கத்தில் கன்றை இழுத்து ஓரமாகக் கட்டிவிட்டு, கையை நனைத்துக்கொண்டு மடிக்கடியில் குந்தினார். ஒருவரும் சிரிக்கவில்லை. பூரணி வீட்டுக்குள் ஓடிப்போய்ச் சொம்பை எடுத்துவந்து, சத்தம் வராமல் அவர் முழங்கால்களுக்கு நடுவே வைத்தாள்.