தனித் தம்ளர்

"கை படாம ஊத்துடா! இன்னும் தூக்கி ஊத்து!"

தாண்டவராயன் பித்தளைத் தம்ளரை நீட்ட, வீராசாமி ஒரு முழ உயரத்திலிருந்து டீயை ஊற்றினான். டீக்கடைக் கீற்றுக்கு வெளியே, மண் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவர் ஊதி ஊதிக் குடித்தார்.

உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் பாதி நிலம் வைத்திருப்பவர் இப்படித் தரைக்கு வந்ததற்குக் காரணம், காஞ்சிபுரத்திலிருந்து வரப்போகிற ஆபீசர். தீண்டாமை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் டீக்கடையில் தனித் தம்ளர் நடப்பதாக யாரோ மொட்டைப் பெட்டிஷன் தட்டிவிட்டார்கள். பிடிபட்டால் ஜெயில்.

வீராசாமி கடையில் பாசத்துக்குப் பஞ்சமே கிடையாது. வருகிறவர்களிடமெல்லாம் வீட்டில் என்ன குழம்பு என்று விசாரித்து, அதற்குத் தோதாக இஞ்சியோ ஏலக்காயோ தட்டிப் போடுவான். 'எல்லோரும் வருக' என்று போர்டுகூட உண்டு. ஆனால் சேரியிலிருந்து வருகிற ஏசுதாஸ் போன்றவர்கள் மட்டும் வாசல் ஆணியில் தொங்கும் அலுமினியத் தம்ளரில் வாங்கி, வெளியிலேயே குந்திக் குடித்து, தாங்களே கழுவி மாட்டிவிட்டுப் போக வேண்டும்.

அந்தத் தம்ளர்களெல்லாம் நேற்றே வைக்கோல் போருக்குள் ஒளிந்துகொண்டன. நேற்றுவரை 'டேய்' போட்டுக் கூப்பிட்ட வீராசாமி, ஏசுதாஸிடம் போய்க் குழைந்தான்.

"அண்ணாத்தே, சர்ச்சுக்குப் போட்டுக்கினு போவியே, அந்த வெள்ளச் சட்டைய மாட்டிக்கினு வா. நடு பெஞ்சில குந்து. எல்லாருக்கும் குடுக்கிற கண்ணாடி கிளாஸ்லயே டீ குடு‌க்கறேன்."

காலையில் நாற்றங்காலிலிருந்து சேற்று வேட்டியும் வெற்று உடம்புமாக வந்த தாண்டவராயன், வெள்ளைச் சட்டையில் ஏசுதாஸ் நடு பெஞ்சில் கிளாஸும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் பற்றி எரிந்தார். டீ இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். ஏசுதாஸ் வாய் வைத்த கிளாஸில் குடித்தாலோ மானம் போய்விடும். விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்ச் சொந்தத் தம்ளரோடு திரும்பி வந்துதான் இப்படி வெளியில் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள வா நைனா. ஆபீசர் வர்ற நேரம்" என்று வீராசாமி கெஞ்சினான்.

"அவன் குந்திக்கினு கீற பெஞ்சிலயா? போடா! தம்ளரக்கூட நீ தொடாத, நானே கயுவிக்கிறேன்."

அவர் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தபோதே ஜீப் வந்து நின்றது. இறங்கிய ஆபீசர் உள்ளே எட்டிப் பார்த்தார். எல்லோர் கையிலும் ஒரே மாதிரி கண்ணாடி கிளாஸ். திருப்தியாகத் திரும்பியவர் கண்ணில் தாண்டவராயன் பட்டார். ஆபீசர் முகம் சிவந்துவிட்டது.

"இவர் ஏன் வெளிய உக்காந்திருக்கார்? இவருக்கு மட்டும் ஏன் தனித் தம்ளர்?"

வீராசாமி டீ ஆற்றுவதில் மும்முரமானான். தாண்டவராயன் ஆத்திரத்தோடு வாயைத் திறந்தார். 'நான்தான் அவனோடு உட்காரமாட்டேன்' என்று சொன்னால் அடுத்த நிமிஷம் ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"பயந்துக்காதீங்க பெரியவரே. சட்டம் உங்க பக்கம் இருக்கு."

ஆபீசருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தாண்டவராயனின் ஈரக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், ஏசுதாஸை ஒட்டி உட்காரவைத்தார். கண்ணாடி கிளாஸில் டீ வாங்கித் தன் கையாலேயே கொடுத்தார். தாண்டவராயன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கஷாயம் குடிக்கிற பிள்ளை மாதிரி குடித்து முடித்தார்.

ஆபீசர் இப்போது வெள்ளைச் சட்டைக்காரர் பக்கம் திரும்பினார்.

"உங்களைப் பாத்தா ஊர்ப் பெரிய மனுஷர் மாதிரி தெரியுது. இனிமே இவரை ஒதுக்கி வைக்கமாட்டோம்னு நீங்க வாக்குக் குடுக்கணும்."

ஏசுதாஸ் தாண்டவராயனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு பெஞ்சில் சற்று நகர்ந்து, அவருக்குத் தாராளமாக இடம் விட்டான்.

"எங்களுக்கு இன்னா சார், குந்தட்டும். அவரும் மனுசன்தானே!"