பள்ளத்தில் இறங்கிய பாம்பு

பேருந்துப் பணிமனையின் ஓய்வறையில் நண்பகல் வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் கிடத்தியிருக்கிறது. மூலையில் இருக்கும் பழைய விளையாட்டுப் பெட்டியின் முன் வட்டப்பாதைப் பேருந்தின் ஓட்டுநர் அக்கா அமர்ந்திருக்கிறார். ஒருவரும் பெயர் அறியாத ஆட்டம் அது. ஆமையும் நரியும் பாம்பும் கட்டங்களாகத் திரையில் விழுகின்றன. இடைவெளியின்றி அவை தோளோடு தோள் சேர்ந்தால் அந்த வரிசை மறைகிறது. பதினொரு ஆண்டுகளாக இதில் முதலிடம் அவருடைய நடத்துநருக்கே. நாளை முதல் அக்காவுக்கு வேறு பணிமனை. இன்று விட்டால் இனி வாய்ப்பில்லை. திரை கழுத்துவரை நிரம்பிவிட்டது. இடது ஓரத்தில் மட்டும் ஓர் ஆழமான பள்ளம். அதற்கேற்ற நீளப் பாம்பு இதோ மேலிருந்து இறங்குகிறது. ஆனால் இடப்பக்கம் நகர்த்தும் பொத்தான் போன வாரமே பழுதாகிவிட்டது. “எந்திரிக்கா, கதை முடிஞ்சுது,” என்று நடத்துநர் தேநீரை உறிஞ்சுகிறார். “பேசாம டீயைக் குடிடா தம்பி. ரவுண்டு வண்டி ஓட்டுறவகிட்டயே வழி இல்லைங்கிறியா?” அக்காவின் விரல் வலப் பொத்தானையே தட்டுகிறது. பாம்பு வலச்சுவரில் முட்டி நிற்கிறது. இன்னொரு தட்டு. வால் வலப்பக்கம் இருக்கும்போதே, வலச்சுவருக்குள் புகுந்த தலை இடச்சுவரிலிருந்து எட்டிப் பார்க்கிறது! நடத்துநரின் குவளை உதட்டருகே உறைகிறது. முழு உடலும் வந்து சேர்ந்ததும் அக்கா அதை நிமிர்த்துகிறார். அது வழுக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்குகிறது. நான்கு வரிசைகள் ஒருசேர மறைய, எண்கள் துள்ளியேறிப் பதினொரு ஆண்டு முதலிடத்தைத் தாண்டுகின்றன. நடத்துநர் குவளையை வைத்துவிட்டு எழுகிறார். கழுத்தில் தொங்கும் விசிலை எடுத்து, வண்டி கிளம்பலாம் என்பதற்கு ஊதுவதுபோலவே, கன்னம் உப்ப இரண்டு முறை ஊதுகிறார்.