ஒரே சட்டியில்

"இன்னிக்கு நீயே அவகிட்ட சொல்லிடு தபிதா. அவ மாமா வேற வந்திருக்காரு. இனிமே மறைக்க முடியாது," என்றாள் நகிட்டோ.

போருக்குத் தப்பி கம்பாலா வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கு கூடப் பழகி வழிகாட்ட ஆளுக்கொரு வழித்துணையைத் தேடித் தரும் சின்ன அலுவலகம் அது. நகிட்டோ உள்ளூர்க்காரி, அதை நடத்துகிறவள். தபிதா தெற்கு சூடானிலிருந்து வந்தவள். ஒரு வருடமாக நியாருவோத் என்ற பெண்ணுக்கு வழித்துணை.

"தப்பு உங்க பேர்லதான். தெற்கு சூடான்னா எல்லாரும் ஒண்ணுன்னு நெனச்சு சேர்த்து விட்டுட்டீங்க. அவ நுவேர் இனம், நான் டிங்கா இனம். அவ அப்பாவைக் கொன்னது எங்க ஆளுங்க. என் அண்ணனைச் சுட்டது அவங்க ஆளுங்க. முதல் நாளே என்னை மாத்துங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே. அப்புறம் நீயே மாத்த வேணாம்னுட்டே," என்று நகிட்டோ சிரித்தாள்.

அது உண்மைதான். நுவேர் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்ததால் தபிதாவுக்கு அந்த மொழி தண்ணீர்பட்ட பாடு. அந்தப் பெண் தன்னையும் நுவேர் என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

முதலில் நியாருவோத் வாயே திறக்கவில்லை. நேருக்கு நேர் உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, மனதில் இருப்பதைக் கேட்கச் சொல்லியிருந்தார்கள் வழித்துணைகளுக்கு நடந்த பயிற்சியில். அப்படிக் கேட்டபோதெல்லாம் அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் பெரியவர்களின் கண்ணை யார் பார்ப்பார்கள் என்று ஒருநாள் தபிதாவுக்கு உறைத்தது. பயிற்சியை ஓரமாக வைத்தாள். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டே, "உங்க அப்பாகிட்ட என்ன நிறத்துல மாடு இருந்துச்சு?" என்று கேட்டாள்.

நியாருவோத் அன்று பேச ஆரம்பித்தாள். கழுத்து வெள்ளையாக இருந்த காளையில் தொடங்கி, எரிந்துபோன தொழுவம் வரைக்கும் சொன்னாள். சொல்லி முடித்து அழுதாள். அதற்குப் பிறகு தபிதாவால் அவளை விட முடியவில்லை.

இப்போது அந்தப் பெண்ணுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அவளை வளர்த்த தாய்மாமா காட்வெச், அகதி முகாமிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். மருமகளை ஆளாக்கியவளுக்குச் சாப்பாடு போட வேண்டுமாம்.

அந்தச் சாப்பாடுதான் தபிதாவை உலுக்கியது. தங்களுக்கு நடுவில் கொலைப்பழி உள்ளவர்கள் ஒரே சட்டியில் கை வைத்தால் சாவு வரும் என்பது இரண்டு இனத்துக்கும் பொதுவான நம்பிக்கை. ஒரு வருடமாக அந்த வீட்டில் அவள் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. கேட்டால் வயிற்றுவலி என்பாள்.

நியாருவோத்தின் ஒற்றை அறை வீட்டு வாசலில் காட்வெச் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் நுவேர் ஆண்களுக்கே உரிய, காதுக்குக் காது ஓடிய ஆறு தழும்புக் கோடுகள்.

"வாம்மா. உனக்கு எப்பவும் வயித்துவலின்னு இவ சொல்லுவா. வாழைக்காயை அவிச்சுத் தின்னுற ஊர்ல இருந்தா வேற என்ன வரும்? இன்னிக்கு நம்ம சோளச்சோறு. தின்னு பாரு, எல்லாம் சரியாப் போயிடும்," என்றார். பெண்கள் சாப்பிடும்போது பார்க்கக் கூடாது என்று நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஒரே சட்டியில் சோறும் பாலும் வந்தன. நியாருவோத் எதிரே உட்கார்ந்து கையை நீட்டினாள்.

தபிதா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம், தொடாதே. என் இன்னொரு பேரு அபுக். நான் டிங்கா. என்கூட சாப்பிட்டா உனக்குத்தான் ஆபத்து. ஒரு வருஷமா உன்னை ஏமாத்திட்டேன்."

தபிதா செருப்பைத் தேடி எழுந்தாள்.

"உட்காரும்மா," என்றார் காட்வெச், திரும்பாமலே. "எனக்குத் தெரியும். காளை வெட்டிக் கழிக்க வேண்டிய பழி இது. முகாம்ல காளைக்கு எங்கே போறது? ஆடுதான் கிடைச்சுது. எங்க பெரியவங்க முன்னால பழியைக் கழிச்சுட்டுத்தான் பஸ் ஏறினேன். இந்தச் சட்டி இப்போ உங்க ரெண்டு பேருக்கும் ஆகும்."

தபிதா அப்படியே உட்கார்ந்தாள். தன் அண்ணனுக்காக அழுத கண்கள் இன்று வேறு எதற்கோ நிறைந்தன.

"எப்படித் தெரிஞ்சுது? என் பேச்சு காட்டிக் கொடுத்துடுச்சா?"

"பேச்செல்லாம் சுத்தமாத்தான் இருந்துச்சுக்கா," என்று நியாருவோத் ஒரு கவளத்தை உருட்டி அவள் கையில் வைத்தாள். "நர்ஸ் ஆகணும்னு எனக்கு ரொம்ப ஆசை. ஆனா ஒரு டிங்கா நோயாளியா வந்து கட்டில்ல படுத்தா என் கை என்ன பண்ணும்னு எனக்கே பயமா இருந்துச்சு. அதான், வழித்துணையா எப்படிப்பட்டவங்க வேணும்னு ஆபீஸ்ல கேட்டப்போ, ஒரு டிங்கா அக்காவைக் குடுங்க, அவங்ககிட்ட இதைச் சொல்லாதீங்கன்னு நான்தான் கேட்டேன்."