ஏறாத ரத்தம்

"ஒரு சொட்டு மிச்சம் வைக்கக் கூடாதும்மா" என்றாள் நர்ஸ். பொன்னியம்மாள் டெஸ்டுக்கென்று கொடுத்த சர்க்கரைத் தண்ணீரைக் கஷாயம் மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

தறியிலேயே மயங்கி விழுந்தவள். மாசக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை. குடித்தது உடம்பில் தங்காத தனிவகைச் சர்க்கரை; அது மூத்திரத்தில் வந்தால் குடல் சத்தை இழுக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் கோளாறு குடலில்தான்.

மத்தியானம் வரை போனதையெல்லாம் கேனில் பிடித்து, முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள்.

"என்னமோ பட்டுப்புடவை மாதிரி பொத்தி எடுத்துக்கினு வர்ற. யாரும் புடுங்கிக்க மாட்டாங்க" என்றாள் மகள் சுகாசினி.

"நீ கம்பெனிக்காரி. பேசுவடி."

அந்த வீட்டின் முதல் பட்டதாரி சுகாசினி. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி முதல் மெடிக்கல் செக்கப்பில் ரத்தம் கம்மி என்று அவளைத் திருப்பி அனுப்பியது. டாக்டர் கொடுத்த மாத்திரையின் வாடையே குமட்ட, குப்பையில் எறிந்தாள். தினம் கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டு ஓடியவள், அடுத்த மெடிக்கலில் எப்படியோ தேறிவிட்டாள். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மெடிக்கல் பாக்கி.

அம்மா செத்துப்போய்விடுவாளா என்று யோசித்துப் பார்த்தாள். அழுகை வரவில்லை. மனசு மரத்த கால் மாதிரி கிடந்தது.

சாயங்காலம் டாக்டர் ரிசல்ட்டைப் புரட்டினார். "குடல் நல்லாத்தான் வேலை செய்யுது. மாத்திரை ஒழுங்கா போடுறாங்களா?"

"தெனம் காலையில மாத்திரைய எடுத்துக்கினு அடுப்படிக்குப் போறாங்க, நானே பாக்குறேன். ஏழைன்னா பொய்தான் சொல்லுவாங்களா? வேற டெஸ்ட் எழுதுங்க சார்."

டாக்டர் அவளை விட்டுவிட்டுப் பொன்னியம்மாள் பக்கம் திரும்பினார். "இந்த மாத்திரை போட்டா வெளிக்குக் கருப்பாப் போகும். உங்களுக்குப் போகுதாம்மா?"

"இல்லீங்க."

மாசக்கணக்கில் கருப்பாகப் போவது சுகாசினிக்குத்தான். வெட்கப்பட்டு யாரிடமும் சொன்னதில்லை.

"அந்த மாத்திரைய என்னம்மா பண்ண?" என்றாள் சுகாசினி.

பொன்னியம்மாள் மகளின் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உன் கேவுரு கூழ்லதான் கரைச்சேன்."